ஒரே கோப்பில் பல கைகள்: நிகழ்நேரக் கூட்டுத் திருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் சிறிய மென்பொருள் குழு ஒன்றை நடத்துகிறோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்வது எங்கள் முக்கிய வேலை. சிலர் கே.கே. நகர் அறையில் இருந்து வேலை செய்கிறார்கள். மற்றவர்கள் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் தங்கள் வீட்டில் இருந்தே செய்கிறார்கள். பலர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பைத் திருத்தும் கருவிகளுக்கு நாங்கள் மாறிய பிறகு, கல்லூரி மாணவர்களும் எங்களைப் போன்ற சிறு குழுக்களும் அதைப் பற்றித் தொடர்ந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளும் எங்கள் பதில்களும் கீழே.

நிகழ்நேரக் கூட்டுத் திருத்தம் என்றால் என்ன?

ஒரு கோப்பைப் பலர் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டு திருத்துவது. ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர் திரையில் உடனே தெரியும். அடுத்தவரின் கர்சர் எங்கே நிற்கிறது என்பதும் அவர் பெயரோடு வண்ணத்தில் தெரியும். கல்யாணப் பத்திரிகை வாசகத்தை அண்ணனும் தம்பியும் வெவ்வேறு ஊரில் இருந்துகொண்டு கூகுள் டாக்ஸில் சேர்ந்து திருத்தும் காலம் இது. அதே வசதி நிரல் எழுதும் எடிட்டரிலும், திரைகளை வடிவமைக்கும் கருவியிலும், நிரல் எழுதாமலே செயலி கட்டும் கருவியிலும் இருந்தால் அதனால் என்ன பயன் என்பதுதான் இங்கே பேச்சு.

இது சமீபத்தில் வந்த விஷயமா?

இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் 90 நிமிடச் செயல்விளக்கம் ஒன்றை நடத்தினார். மவுஸ் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் காட்டப்பட்டது என்பதற்காகவே அந்த நாளைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே மேடையில் இருந்தபடி, சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரின் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டே, இருவரும் ஒரே ஆவணத்தில் வேலை செய்ததையும் அவர் காட்டினார். மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் உள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். எனக்கு மவுஸைவிட அதுதான் பெரிய விஷயம்.

பிறகு பல ஆண்டுகள் இது ஆய்வுக்கூடங்களுக்குள்ளேயே கிடந்தது. 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், பலரது திருத்தங்கள் மோதாமல் சேர்வதற்கான முதல் தெளிவான கணக்கீட்டு முறையை வெளியிட்டார்கள். 2003இல் ஆப்பிள் கணினிகளுக்கு சப்எத்தாஎடிட் என்ற கூட்டு எடிட்டர் வந்தது. 2006இல் ரைட்லி என்ற இணைய எடிட்டரை உருவாக்கிய நிறுவனத்தை கூகுள் வாங்கியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் கூகுள் டாக்ஸ். 2008இல், உலாவியிலேயே பலர் சேர்ந்து எழுதும் ஈதர்பேட். 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மா என்ற திரை வடிவமைப்புக் கருவி, வடிவமைப்பாளர்களின் வேலை முறையையே மாற்றிவிட்டது.

நிரலாளர்களுக்கான முக்கியமான மாதம் 2017 நவம்பர். ஆட்டம் (Atom) என்ற நிரல் எடிட்டருக்கு டெலிடைப் என்ற கூட்டுத் திருத்தத் துணை நிரல் வந்ததும், ஒருவர் நிரலை மற்றவர் தன் எடிட்டரில் இருந்தே திருத்த உதவும் லைவ் ஷேரை மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும் அந்த ஒரே மாதத்தில்தான். ஆட்டம் 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதை உருவாக்கியவர்கள் அடுத்துச் செய்த ஸெட் எடிட்டரில் கூட்டுத் திருத்தம் அடித்தளத்திலேயே இருக்கிறது. 2024 ஜனவரியில் அது, நிரலை யாரும் பார்த்துப் பயன்படுத்தக்கூடிய திறமூலமாகவும் ஆகிவிட்டது.

கிட் இருக்கும்போது இது எதற்கு?

எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் அனுபவமுள்ள நிரலாளர்கள். அவர்களது சந்தேகம் நியாயமானது.

கிட் என்பது நிரலில் யார் எப்போது என்ன மாற்றினார் என்று பதிந்து, பலரது மாற்றங்களைச் சேர்க்கும் கருவி. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்காக அதை எழுதினார். உலகம் முழுவதும் சிதறியிருந்த, ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தே இராத ஆயிரக்கணக்கானவர்கள் அனுப்பும் மாற்றங்களை ஒழுங்காகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் தனிக் கிளையில், அதாவது நிரலின் தனி நகலில், அமைதியாக வேலை செய்வார், முடிந்ததும் அனுப்புவார், மூத்தவர் ஒருவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார். முடிந்த வேலையைச் சேர்க்க இதைவிட நல்ல முறை இன்றுவரை வரவில்லை. நாங்களும் கிட்டை விட்டுவிடவில்லை, விடப்போவதும் இல்லை.

ஆனால் மென்பொருள் வேலையில் பெரும்பகுதி நேரம், இன்னும் முடிவாகாத விஷயத்தோடுதான் கழிகிறது. இந்தப் பெட்டி எதற்கு, இந்த எண் எங்கிருந்து வருகிறது, விவசாயியின் பெயரை அழித்தால் அவரது பழைய சிட்டைகள் என்ன ஆகும்? இப்படி ஒரு சந்தேகம் எழுகிறது. கேட்க ஆள் பக்கத்தில் இல்லை. நிரலாளர் தானே ஓர் அனுமானம் செய்துகொண்டு மேலே எழுதுகிறார். மாலையில் கமிட் செய்கிறார், அதாவது கிட்டில் பதிந்துவிடுகிறார். மறுநாள் மதியம் மூத்தவர் பார்க்கிறார். அதற்குள் அந்த அனுமானத்தின் மேல் மூன்று திரைகள் எழும்பிவிட்டன. "இதை மாற்றுங்கள்" என்று சொல்ல மூத்தவருக்கு மனம் வருவதில்லை. இளையவருக்கும் மாற்ற மனம் வருவதில்லை. தவறான அனுமானம் மென்பொருளுக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது.

நேரடித் திருத்தத்தின் மதிப்பு முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. சந்தேகம் எழும் நொடிக்கும் அது தீரும் நொடிக்கும் இடையில் உள்ள காலத்தை இது நிமிடங்களுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. தட்டச்சு வேகம் கூடும், பத்துப் பேர் சேர்ந்தால் பத்து மடங்கு நிரல் வரும் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். முடிவெடுக்கும் வரை ஒரே கோப்பில் உட்காருங்கள். முடிவெடுத்த பிறகு கிளைக்குப் போய்விடுங்கள்.

மதுரையில் பத்துப் பேர் உள்ள குழுவுக்கு இதனால் உண்மையில் என்ன பயன்? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

பூ மார்க்கெட்டையே எடுத்துக்கொள்வோம். மல்லிகைக்கு நாள் முழுவதும் ஒரே விலை இருக்காது. அதிகாலையில் ஒரு விலை, வெயில் ஏறியதும் வேறு விலை. முகூர்த்த நாளிலும், மார்கழி, தை மாதப் பனியில் வரத்துக் குறையும்போதும் கிலோ விலை ஆயிரங்களைத் தொடும். விவசாயி கொண்டுவரும் பூவை கமிஷன் கடைக்காரர் விற்றுக்கொடுத்து, தரகைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். இந்தக் கணக்கைக் கடையில் சிட்டையிலும் பேரேட்டிலும் எழுதிப் பழகிய கணக்குப்பிள்ளைக்குத்தான் இதன் முழு விவரமும் தெரியும். அவருக்கு நிரல் தெரியாது. எங்களுக்கு மார்க்கெட் தெரியாது.

சிட்டைத் திரையை வடிவமைத்தபோது விவசாயி பெயர், பூ வகை, எடை, விலை, தரகு, நிகரத் தொகை என்று வரிசையாகப் பெட்டிகளை வைத்திருந்தோம். கடைக் கணினியில் அந்த வடிவமைப்புக் கோப்பைத் திறந்துகொடுத்து, உள்ளே வந்து பார்க்கும்படி கணக்குப்பிள்ளையைக் கேட்டுக்கொண்டோம். அவரது கர்சர் தரகுக்கும் நிகரத் தொகைக்கும் நடுவில் வந்து நின்றது. தொலைபேசியில், "முன்பணம் எங்கே? அதைக் கழித்த பிறகுதானே தம்பி பணத்தைக் கையில் கொடுப்போம்?" என்றார். உசிலம்பட்டியில் இருந்த வடிவமைப்பாளர் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஒரு பெட்டியை வரைந்தார். கே.கே. நகரில் இருந்த நிரலாளர் அதே நேரத்தில் தரவு அட்டவணையில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்தார். நிலுவையில் உள்ள முன்பணத்தில் ஒரு பங்கை மென்பொருள் தானாகவே கழிக்கும்படி செய்யலாம் என்று அவர் குறிப்பு எழுதத் தொடங்கியதும், கணக்குப்பிள்ளை அந்த வரியைப் படித்துவிட்டுத் தடுத்தார். "வீட்டில் விசேஷம், காது குத்து என்றால் அந்த வாரம் பிடிக்க மாட்டோம். முதலாளி சொல்கிற தொகையைத்தான் எழுதுவோம்."

ஆகவே அந்தப் பெட்டி கையால் நிரப்பப்படும் பெட்டியானது. எந்தத் தேவைப் பட்டியலிலும் இந்த விதி எழுதப்பட்டிருக்காது. அவரிடம் தனியாக உட்கார்ந்து கேட்டிருந்தாலும் வந்திருக்காது. அவருக்கு அது சொல்ல வேண்டிய விதியாகவே தோன்றியிராது. தவறான வரி கண்ணெதிரே உருவானதால்தான் வாயில் வந்தது.

இரண்டு பேர் ஒரே வரியில் ஒரே நேரத்தில் தட்டினால் குழம்பிப் போகாதா?

குழம்பாமல் இருக்க அடியில் நல்ல கணக்கு ஒன்று ஓடுகிறது. அதைத் தெரிந்துகொள்வது பயனுள்ளது.

கோப்பில் "பூ விலை" என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். நீங்கள் முன்னால் "மல்லிகைப்" என்று சேர்க்கிறீர்கள். அதே கணத்தில் நான் "விலை"யை அழித்துவிட்டு "எடை" என்று எழுதுகிறேன். கணினி உள்ளே எழுத்துகளைக் குறிகளாகத்தான் வைத்திருக்கிறது: ப, ஊகாரக் குறி, இடைவெளி என்று மூன்று குறிகள்; அதன்பின் "விலை"க்கு நான்கு. என் கணினி அனுப்பும் செய்தி, "முதல் மூன்று குறிகளை விட்டுவிட்டு, அடுத்த நான்கை அழித்து, அங்கே எடை என்று எழுது" என்பது. இதை உங்கள் கணினி அப்படியே நிறைவேற்றினால் உங்கள் திரையில் "மல்எடைப் பூ விலை" என்று வந்து நிற்கும்.

1989இல் சொல்லப்பட்ட முறை இதைத்தான் சரிசெய்கிறது. நீங்கள் முன்னால் சேர்த்தது இடைவெளியோடு பத்துக் குறிகள். ஆகவே என் செய்தியில் உள்ள மூன்று, பதின்மூன்றாக மாற்றப்படும். இரு திரைகளிலும் "மல்லிகைப் பூ எடை" என்றே வரும். ஒருவர் செய்த செயலை மற்றவர் செய்ததற்கு ஏற்ப உருமாற்றிக்கொள்வது இது. கூகுள் டாக்ஸ் இந்த வழியில் நடக்கிறது. எது முன், எது பின் என்று வரிசைப்படுத்த நடுவில் ஒரு சர்வர் இருக்கும்.

இன்னொரு முறை 2011இல் மார்க் ஷபிரோவும் அவரது சக ஆய்வாளர்களும் முறைப்படுத்தியது. மோதாமல் சேரும் தரவு வகை என்ற பொருளில் சிஆர்டிடி (CRDT) என்று அழைக்கிறார்கள். இதில் இடத்தை எண்ணுவதே இல்லை. ஒவ்வொரு குறிக்கும், யார் எழுதியது, அவர் எழுதியதில் எத்தனையாவது என்று நிரந்தர அடையாளம் ஒன்று கொடுக்கப்படும். "நான்காவது குறியை அழி" என்பதற்குப் பதிலாக "இந்த அடையாளம் உள்ள குறியை அழி" என்று செய்தி போகும். எந்த வரிசையில் வந்து சேர்ந்தாலும் முடிவு ஒன்றே. நடுவில் சர்வர் இருந்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் என்ற திறமூல நூலகங்கள் (பிறர் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகள்) இந்த வழியைச் சேர்ந்தவை. அழிந்த எழுத்துகளின் சுவடுகளையும் சுமக்க வேண்டியிருப்பதால் கோப்பு பெருத்துவிடும் என்பது இதன் பழைய குறை. இன்றைய நூலகங்கள் அதைப் பெருமளவு சுருக்கிவிட்டன.

தமிழில் தட்டும்போது ஏதாவது சிக்கல் வருமா?

வரும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் தமிழில் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலாவது, கர்சர் நிற்கும் இடம். "மி" என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு ம, இகரக் குறி என இரண்டு. கருவி சரியாக எழுதப்படவில்லை என்றால் அடுத்தவரின் திருத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் புகுந்து, இகரக் குறி தனியே புள்ளி வட்டத்தோடு தொங்கும்.

இரண்டாவது, ஒலிபெயர்ப்பு விசைப்பலகை. நீங்கள் ஆங்கில எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். சொல் இன்னும் முடிவாகாமல் அடிக்கோடிட்டபடி நிற்கிறது. அந்த நேரத்தில் அதே பத்தியில் மற்றவரின் மாற்றம் வந்து விழுந்தால், சில எடிட்டர்களில் உங்கள் பாதிச் சொல் கலைந்துபோகும், அல்லது இரட்டிப்பாகும். ஜப்பானியர்களும் சீனர்களும் இதே தொல்லையைப் பட்டதால் நல்ல எடிட்டர்கள் இதற்கு வழி செய்திருக்கின்றன. எல்லாம் செய்யவில்லை.

மூன்றாவதுதான் கண்ணுக்கே தெரியாதது. "கொ" என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க, ஒகரக் குறி என இரண்டு குறியீடுகளாக இருக்கலாம். அல்லது க, எகரக் குறி, ஆகாரக் குறி என மூன்றாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மேலூரில் இருப்பவரின் விசைப்பலகை ஒரு விதமாகவும் மதுரையில் இருப்பவரின் விசைப்பலகை வேறு விதமாகவும் தந்தால், "கொடைக்கானல் ரோடு" என்று தேடும்போது பாதி விவசாயிகள் கிடைக்க மாட்டார்கள். சேமிக்கும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிடுங்கள். யூனிகோடில் அதற்கென்று வரையறுத்த இயல்பாக்க முறை இருக்கிறது. பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு வரியில் முடிந்துவிடும்.

அப்படியென்றால் எல்லா முரண்பாடுகளையும் கருவியே தீர்த்துவிடுமா?

எல்லோர் திரையும் ஒன்றுபோல் இருக்கும் என்பதை மட்டுமே கருவி உறுதி செய்யும். அது அர்த்தமுள்ளதாக இருக்கும் என்று அதனால் உறுதி தர முடியாது. நான் ஒரு செயற்கூறின் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல் துண்டின்) பெயரை மாற்றுகிறேன். அதே நேரத்தில் நீங்கள் வேறொரு கோப்பில் பழைய பெயரைக் கொண்டு அதை அழைக்கிறீர்கள். எழுத்தளவில் எந்த மோதலும் இல்லை, நிரல் ஓடாது. நான் பாதி வரி எழுதி நிறுத்தியிருக்கும்போது நீங்கள் நிரலை ஓட்டிப் பார்க்கவும் முடியாது. இதனால்தான் நிரல் கோப்பில் நாள் முழுவதும் கூட்டாக உட்காருவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வடிவமைப்புக் கருவிகளில் வேறு விதமான முடிச்சு விழும். ஒருவர் முதல் பெட்டியை இரண்டாம் பெட்டிக்குள் இழுத்துப் போடுகிறார். அதே கணத்தில் மற்றவர் இரண்டாம் பெட்டியை முதல் பெட்டிக்குள் போடுகிறார். இரண்டும் நிறைவேறினால் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழன்று, இரண்டும் பக்கத்தில் இருந்தே காணாமல் போய்விடும். இப்படிச் சுழல் உண்டாக்கும் மாற்றத்தை ஃபிக்மாவின் சர்வர் ஏற்பதில்லை. ஒரு பொருளின் ஒரே பண்பை இருவர் மாற்றினால், சர்வருக்குக் கடைசியாக வந்து சேர்ந்ததே நிற்கும். ஒருவர் பெட்டியின் நிறத்தையும் மற்றவர் அகலத்தையும் மாற்றினால் இரண்டும் நிற்கும்.

வாங்கும் முன் ‘முந்தைய நிலை’ பொத்தானையும் சோதித்துப் பாருங்கள். நீங்கள் அதை அழுத்தினால் நீங்கள் செய்த மாற்றம் மட்டும் திரும்ப வேண்டும். அடுத்தவர் வேலையையும் சேர்த்துத் திருப்பும் கருவியை அன்றே ஒதுக்கிவிடலாம்.

எங்கள் ஊரில் இணையம் மெதுவாக இருக்கிறது, மின்சாரமும் போய்விடுகிறது. சரிவருமா?

வரும். நல்ல கருவியில் நீங்கள் தட்டுவது முதலில் உங்கள் கணினியில் நடக்கிறது. அதன்பிறகே மற்றவர்களுக்குப் போகிறது. ஆகவே இணையம் தயங்கினாலும் உங்கள் விரல் தயங்காது. அனுப்பப்படும் தரவும் மிகக் குறைவு, விசை அழுத்தங்கள் மட்டுமே. கைபேசியின் இணைப்பே போதும். மேலூரில் இருப்பவர் மின்தடையின்போது மடிக்கணினியையும் கைபேசியையும் வைத்தே தொடர்ந்து வேலை செய்கிறார். சிஆர்டிடி வழியில் செய்த கருவி என்றால், இணைப்பே இல்லாதபோது எழுதியதும் இணைப்பு வந்தவுடன் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஓர் எச்சரிக்கை: நெடுநேரம் தனியே எழுதிவிட்டுச் சேரும்போது, எழுத்துகள் சரியாகச் சேர்ந்தாலும் இருவரும் ஒரே பத்தியை வெவ்வேறு விதமாக எழுதி வைத்திருப்பீர்கள். சேர்ந்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

காணொளி அழைப்பில் திரையைப் பகிர்ந்தால் போதாதா?

போதாது. அதில் ஒருவர் கையில் மட்டுமே விசைப்பலகை இருக்கும். மற்றவர் "கொஞ்சம் மேலே போங்கள், இன்னும் மேலே, அந்த வரிதான், இல்லை அதற்கு அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். லைவ் ஷேர் போன்றவற்றில் விருந்தினர் தன் எடிட்டரில், தன் எழுத்துரு அளவில், தன் விருப்பப்படி கோப்பின் வேறு பகுதியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வேண்டும்போது மற்றவரைப் பின்தொடரலாம். தவிர, காணொளி தின்னும் இணையத் தரவு மிக அதிகம்.

மூத்தவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கை நடுங்குகிறது. என்ன செய்வது?

இதை ஓர் இளம் நிரலாளர் கேட்டார். தொழில்நுட்பக் கேள்விகள் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது.

நம் ஊரில் மூத்தவரை "சார்" என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். வகுப்பில் ஆசிரியர் பின்னால் வந்து நின்றாலே பேனா நின்றுவிடும். அதே பயம் கர்சர் வடிவில் வந்து பக்கத்தில் மினுக்கும்போது, தெரிந்த வரியும் மறந்துபோகிறது. இது அந்தப் பிள்ளையின் பலவீனம் என்று நான் ஒருபோதும் எண்ணுவதில்லை. பொறுப்பு முழுவதும் மூத்தவருடையது.

எங்கள் குழுவில் சில நடைமுறைகள் உண்டு. கேட்காமல் யாருடைய கோப்புக்குள்ளும் நுழைவதில்லை, "வரலாமா?" என்று ஒரு வரி அனுப்பி, பதில் வந்த பிறகே வர வேண்டும். உள்ளே வந்த மூத்தவர் தட்டக் கூடாது. இளையவர் தட்டுவார், மூத்தவர் பேசுவார். கென்ட் பெக் 1990களின் இறுதியில் பரப்பிய இணை நிரலாக்கத்தில் இருந்து எடுத்துக்கொண்டது இது. ஒருவர் விசைப்பலகையிலும் மற்றவர் வழிகாட்டுபவராகவும் இருந்து அடிக்கடி இடம் மாற்றிக்கொள்வார்கள். மூத்தவருக்கும் தெரியாத ஒன்றை அவர் திரையிலேயே தேடுவதை இளையவர் பார்க்க வேண்டும் என்பதற்காக நாங்கள் வேண்டுமென்றே இடம் மாற்றுகிறோம். மூத்தவரும் தடுமாறித்தான் எழுதுகிறார் என்று கண்ணால் கண்ட பிறகு கை நடுக்கம் தானாகக் குறைகிறது.

யார் எத்தனை மணிக்கு எத்தனை வரி தட்டினார் என்று கண்காணிக்க இந்த வசதியைப் பயன்படுத்தும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள்: தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிச் செய்த மறுநாளே எல்லோரும் வேறு இடத்தில் எழுதிவிட்டு, முடிந்ததை மட்டும் இங்கே ஒட்டத் தொடங்குவார்கள். கூட்டுத் திருத்தம் அங்கேயே முடிந்துபோகும்.

வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு இது உதவுமா?

மிகவும் உதவும். பிரசவத்துக்குப் பின் வேலையை விட்ட பெண்கள், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்கள் என்று நம் மாவட்டத்தில் படித்த கைகள் நிறைய வீட்டில் இருக்கின்றன. வீட்டில் இருந்து வேலை செய்வோருக்கு வேலை கிடைப்பதைவிட, கூடி முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது கடினம். முடிவுகள் அலுவலக டீ நேரத்தில் எடுக்கப்படும். இவர்களுக்கு உத்தரவு மட்டும் வரும். முடிவு கோப்புக்குள்ளேயே எடுக்கப்பட்டால், உசிலம்பட்டியில் இருப்பவரும் அதை எடுத்தவர்களில் ஒருவர்.

கல்லூரி ஆய்வகத்தில் பயன்படுத்தலாமா?

தாராளமாக. நான்கு பேர் சேர்ந்து செய்யும் இறுதியாண்டுத் திட்டத்தில் ஒருவர் மட்டும் எழுதுவதும் மூவரின் பெயர் ரெக்கார்டில் மட்டும் இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஈதர்பேடில் யார் எழுதிய வரி எது என்பது வண்ணத்தில் தெரியும். எழுதப்பட்ட வரிசையைப் பின்னோக்கி ஓட்டியும் பார்க்கலாம். மதிப்பெண் போட மட்டும் அதைப் பயன்படுத்தினால் வீண். எந்த இடத்தில் மாணவர் நின்றுவிட்டார், அங்கே யார் கைகொடுத்தார் என்று ஆசிரியர் பார்த்தால், அடுத்த வகுப்பில் எதை மறுபடி நடத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பாதுகாப்பு?

இணைப்பு முகவரி யார் கையில் கிடைத்தாலும் உள்ளே வரலாம் என்ற அமைப்பை முதலில் மாற்றுங்கள். லைவ் ஷேரில் கோப்பு உரிமையாளரின் கணினியிலேயே இருக்கும். அவர் அமர்வை மூடினால் விருந்தினருக்கு வழி இல்லை. படிக்க மட்டும் அனுமதி தரவும் முடியும். கணினிக்கு நேரடியாகக் கட்டளை இடும் முனையத்தை நம்பிக்கையானவருக்கு மட்டுமே திறந்துவிடுங்கள்.

விவசாயிகளின் கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள உண்மைத் தரவைக் கூட்டு அமர்வுக்குக் கொண்டுவரவே கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும்; நம்பித் தந்தவர்களின் விவரம் அது. கற்பனைப் பெயர்களைக் கொண்ட மாதிரித் தரவை ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால் எல்லா அமர்வுக்கும் உதவும்.

செலவு அதிகமா?

வடிவமைப்புக் கருவிகளில் பெரும்பாலும் திருத்துபவர் தலைக்கு மாதக் கட்டணம். பார்ப்பவருக்குக் கட்டணம் இருக்காது. லைவ் ஷேர் இலவசம். ஈதர்பேடைச் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். சொந்தமாகக் கருவி செய்பவர்களுக்கு ஒய்ஜேஎஸ் இலவசமாகக் கிடைக்கிறது.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதும்போது இதெல்லாம் தேவைப்படுமா?

இன்னும் அதிகமாகத் தேவைப்படும். இப்போது சில எடிட்டர்களில் செயற்கை நுண்ணறிவும் அதே கோப்பில் மாற்றங்களைச் செய்கிறது. நாமும் அதே நேரத்தில் திருத்துகிறோம். அடியில் ஓடும் கணக்கு அதேதான். ஆனால் அது ஒரே மூச்சில் நூறு வரி எழுதிவிடும் என்பதால், அனுமானங்கள் குடியேறும் வேகமும் நூறு மடங்கு. முன்பணத்தைத் தானாகக் கழிக்கும் நிரலை அது நொடியில், அழகாக எழுதித் தரும். அந்த வரி எழும்போதே பார்த்துத் தடுக்கக் கணக்குப்பிள்ளை அங்கே இருக்க வேண்டும்.

எப்போது இதைப் பயன்படுத்தக் கூடாது?

ஒருவர் தனியே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய வேலைகளில். தரகுக் கணக்கின் மையச் சூத்திரத்தை எழுதுபவருக்குத் தனிமை வேண்டும். அவர் எழுதி முடித்ததும் கிட் வழியாக இருவர் சரிபார்க்க வேண்டும். கடைகளுக்குப் புதிய பதிப்பு போகும் நாளிலும் நேரடித் திருத்தத்துக்கு இடமில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நேரடியாகத் திருத்த அனுமதிக்கும் கருவிகள் உண்டு. அந்த வசதியை முடக்கி வையுங்கள். அதிகாலை வியாபாரத்தின் நடுவில் சிட்டைத் திரை மாறினால் கடையில் வரிசை தேங்கிவிடும்.

நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?

நிரலில் இருந்து தொடங்க வேண்டாம். நீங்கள் அடுத்துச் செய்யவிருக்கும் ஏதாவது ஒரு திரையின் வடிவமைப்பில் இருந்து தொடங்குங்கள். வடிவமைப்பாளர், நிரலாளர், அந்தத் திரையைத் தினமும் பயன்படுத்தப்போகிறவர் என்று மூன்று பேர் போதும். தொலைபேசியில் பேசிக்கொண்டே செய்யுங்கள். எழுத்தில் மட்டும் பேச முயன்றால் பாதி விஷயம் விட்டுப்போகும். பயன்படுத்தப்போகிறவருக்கு முதலில் கர்சரை நகர்த்தவும், ஒரு பெட்டிக்குள் எழுதவும், எழுதியதைத் திரும்பப் பெறவும் காட்டிக்கொடுங்கள். பிறகு அவர் நேற்று எழுதிய உண்மையான சிட்டை ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, அந்தத் திரையில் நிரப்பச் சொல்லுங்கள். அவர் கை எந்தப் பெட்டியில் தயங்குகிறதோ, அந்தப் பெட்டியில் வேலையைத் தொடங்கலாம்.